முட்டை ஓட்டில் ஒரு சன்னல்

கோழிக் கரு வளர்வதை ஆராயும் இந்த அமெரிக்க ஆய்வகத்துக்குக் கருவுற்ற முட்டை கூரியரில் வருகிறது. கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். ராத்திரியெல்லாம் முட்டை லாரி ஓடும் நாமக்கல்லிலிருந்து அமெரிக்காவுக்கு ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்த பிள்ளைக்கு அந்தக் கையெழுத்து சுருக்கென்று தைக்கும். நம்மூர்ப் பண்ணை முட்டையே இருந்தாலும் இந்த வேலைக்கு ஆகாது. கூண்டுக்கோழிக்குச் சேவல் துணை கிடையாது, முட்டையில் கருவும் கிடையாது. அடைக்கு வைக்கிற நாட்டுக்கோழி முட்டை போலக் கருவுள்ள முட்டைதான் வேண்டும்.

"கோழி முட்டையப் பாக்கறதுக்கா கண்ணு அத்தன தூரம் போன?" என்று அம்மா போனில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தோட்டத்துச் சாளையில் மேயும் கழுத்தில் இறகில்லாத கோழியைக் காட்டிப் பதில் சொல்லலாம். அதன் கருவில், தோலில் பி.எம்.பி.12 என்ற புரதம் அதிகமாகச் சுரந்து இறகு முளைப்பதைத் தடுக்கிறது. கழுத்துத் தோல் தானே ரெட்டினாயிக் அமிலம் (வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாகும் பொருள்) சுரப்பதால் அந்தத் தடை அங்கே கூடுதலாக வேலை செய்கிறது. உடம்பில் இறகு தங்குகிறது, கழுத்து மொட்டையாகிறது. எடின்பரோவின் ரோஸ்லின் நிறுவனத்தார் 2011-ல் இதைக் கண்டு எழுதினார்கள். கருவளர்ச்சியில் நேரும் சின்ன மாற்றம் உடலமைப்பை எப்படி மாற்றுகிறது என்று தேடும் இந்தத் துறைக்கு எவோ-டெவோ, அதாவது பரிணாம வளர்ச்சி உயிரியல், என்று பெயர். நம் பிள்ளைகள் இதில் பாதியைச் சாளையிலேயே பார்த்து வளர்ந்தவர்கள்.

இனி முட்டை வேலை. பெட்டியில் குலுங்கி வந்த முட்டையை அகன்ற முனை மேலே இருக்க சில மணி நேரம் ஓய விட வேண்டும். உடனே தேவைப்படாவிட்டால் 12 முதல் 16 டிகிரி செல்சியஸில் வைக்கலாம், ஒரு வாரம் தாண்டினால் கரு பிழைப்பது குறையும். அடைப்பெட்டியில் 38 டிகிரி, ஈரப்பதத்தோடு, படுக்கை வாட்டில் வைத்து மேல்பக்கம் பென்சிலால் குறியிடுங்கள். கரு மிதந்து அந்தக் குறிக்குக் கீழேதான் வந்து நிற்கும். புதன் காலை 10 மணிக்குத் திறக்க நினைத்தால் திங்கள் இரவு 10 மணிக்கு வைக்க வேண்டும். அப்போது ஊரில் செவ்வாய்க் காலை, அம்மா அழைக்கிற நேரம். 36 மணி நேரத்தில் பின்னால் முதுகெலும்பும் தசையும் ஆகப்போகும் உடற்கண்டங்கள் பத்து ஜோடி தெரியும். கோழிக் கருவின் வளர்ச்சிக்கு ஹாம்பர்கர், ஹாமில்டன் என்ற கருவியலாளர்கள் 1951-ல் வகுத்த 46 நிலைகளில் இது பத்தாவது. இதயம் துடிக்கத் தொடங்கும் நேரம்.

திறக்கும்போது அவசரம் ஆகாது. ஓட்டை 70 சத ஆல்கஹாலில் துடைத்து, அகன்ற முனையில் துளையிட்டு, ஊசியைச் செங்குத்தாகக் கீழ்நோக்கிச் செலுத்தி மூன்று மில்லி வெள்ளைக்கருவை உறிஞ்சுங்கள். இதைச் செய்யாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டி நின்று, கத்தரிக்கோல் பட்டுப் போய்விடும். ஊசியில் மஞ்சள் வந்தால் அந்த முட்டை முடிந்தது, தூக்கிப் போடுங்கள். மேலே டேப் ஒட்டி, அதன்மேல் வளைந்த கத்தரிக்கோலால் நீள்வட்டமாகச் சன்னல் வெட்டினால் ஓட்டுத் துகள் உள்ளே விழாது. கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால் உப்புக் கரைசலில் பத்தில் ஒரு பங்கு இந்திய மை கலந்து கருவுக்கு அடியில் செலுத்துங்கள். கறுப்பின்மேல் அது பளிச்சென்று தெரியும். வேலை முடிந்ததும் சன்னலை டேப்பால் மூடும்போது ஒரு மடிப்பு விட்டாலும் போச்சு, மறுநாள் கரு காய்ந்து கிடக்கும். முதல் மாதம் பாதி முட்டைகள் இப்படித்தான் போகும். மனசு விட வேண்டாம்.

இந்த ஆராய்ச்சிப் படிப்பில் இடம் கிடைக்கும் வழி கடினமில்லை, காலம்தான் முக்கியம். அக்டோபரில் பேராசிரியருக்கு நாலே வரியில், நீங்கள் ஆராய நினைக்கும் கேள்வி என்ன என்று எழுதுங்கள். பெரும்பாலும் டிசம்பர் முதல் பாதியில் விண்ணப்பம் மூடிவிடும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் நான்காண்டுப் பட்டத்தைப் பல இடங்களில் நேராக ஏற்பார்கள், மூன்றாண்டு பி.எஸ்ஸி. என்றால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சேர்ந்தால் படிப்புக் கட்டணம் பெரும்பாலும் தள்ளுபடி, மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. அது 9 மாதத்துக்கா 12 மாதத்துக்கா என்று எழுத்தில் கேளுங்கள், கோடையில் திண்டாடுவோர் உண்டு. முடிவு சொல்ல ஏப்ரல் 15 வரை பல பல்கலைக்கழகங்கள் அவகாசம் தருகின்றன. ஊரில் மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்ட நாட்கள் அப்போதுதான் கழிந்திருக்கும். வீடே கோயிலுக்குப் போய்வந்த கதை கேட்டுக்கொண்டே ஒரு நாட்டை முடிவு செய்வது லேசில்லை.

ஒரு குளிர்காலம் தாண்டினால் எல்லாம் பழகிவிடும். பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் வாய் வந்துவிடும். குக்கரில் அரிசிம்பருப்பு வைத்து நெய் ஊற்றினால் மட்டும் அத்தனையும் கரைந்து மனசு சென்னிமலைப் பக்கம் போய்விடும்.

பல இடங்களில் முதல் ஆண்டில் எட்டுப் பத்து வாரம் வீதம் இரண்டு மூன்று ஆய்வகங்களில் வேலை பார்த்துத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். அப்போது மூத்த மாணவர்களிடம், பேராசிரியர் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள்: முடிக்க எத்தனை வருஷம் ஆனது, பாதியில் போனவர்கள் ஏன் போனார்கள்.