ஒரு ஸ்கேன் சிடிக்காக மூன்று தடவை ஈரோடு

அம்மாவுக்கு வந்திருப்பது சிஜேடி, அதாவது குரூட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் என்ற மூளை நோய். அதைக் கண்டுபிடிப்பதற்குள் நாங்கள் பட்ட பாட்டை எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவட்டும்.

கோபியில் மாடு கறந்து தானே சொசைட்டிக்கு ஊற்றிவந்தவர், வாசல்படி தெரியாமல் காலால் தடவ ஆரம்பித்தார். கண் டாக்டர் கண் நல்லா இருக்கு என்றார், இன்னொருவர் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார். குக்கர் விசில் அடித்தால் உடம்பே தூக்கிப் போடும், கையிலிருக்கும் டம்ளர் தெறிக்கும். பயந்த சுபாவம் என்று நினைத்து இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

ஈரோட்டில் எடுத்த எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் 'வயதுக்கேற்ற சுருக்கம்' என்று மட்டும்தான் இருந்தது. கோயமுத்தூர் நரம்பு டாக்டர் பிலிமைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல எல்லாப் படமும் இல்லீங்க, படமெல்லாம் பதிஞ்ச சிடி டிஸ்க் எங்கே?" என்றார். சனிக்கிழமை ஓடினால் கவுண்டரில் ரசீது இல்லாமல் தரமாட்டோம் என்றார்கள். ரசீது கோபியில் பீரோவில். மறுநாள் எடுத்துக்கொண்டு போனால் ஞாயிறு, பூட்டு. திங்களன்று வேறொரு பெண் போன் நம்பரைக் கேட்டு இரண்டே நிமிடத்தில் சிடி போட்டுக் கொடுத்துவிட்டார், ரசீதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை! ஸ்கேன் எடுத்த அன்றே சிடியைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அந்த சிடியில் டிஃப்யூஷன் என்ற எம்ஆர்ஐ வகைப் படத்தில் மூளை மடிப்புகளின் ஓரமெல்லாம் வெள்ளை நாடா ஒட்டியதுபோல் இருந்தது. அப்புறம் மூளையின் மின் அலைகளைப் பார்க்கும் இஇஜி, முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனை. குணமாகக்கூடிய மூளை அழற்சியும் இப்படியே தெரியுமாம், அதனால் ஐந்து நாள் ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பார்த்தார்கள். அந்த ஐந்து நாளும் வேண்டாத சாமி இல்லை.

சிஜேடியில், மூளையில் இயல்பாகவே இருக்கும் ஒரு புரதம் தப்பாக மடிந்து, பக்கத்திலிருப்பதையும் தன்னைப் போலவே மடக்கிவிடுகிறது. நரம்புச் செல்கள் செத்து, மூளை பஞ்சுபோல் ஓட்டையாகிறது. அந்தப் புரதத்துக்கு 1982-ல் பிரியான் என்று பெயர் வைத்த அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்லி புரூசினருக்கு 1997-ல் நோபலே கிடைத்துவிட்டது, மருந்துதான் இன்னும் வரவில்லை. வருடத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர் இருவருக்குத்தான் வருமாம்.

தொட்டால் ஒட்டாது. இதைச் சொந்தக்காரர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், எங்கள் வீட்டில் சிலர் வாசலோடு திரும்பிப் போனார்கள். ஆனால் ஆபரேஷன் ஏதாவது செய்ய வேண்டி வந்தால் டாக்டரிடம் மறைக்கக் கூடாது, வழக்கமாகக் கருவிகளைச் சுத்தம் செய்யும் முறையில் பிரியான் போகாது.

அத்தை தினமும் வந்து தலை சீவி விடுகிறார். குக்கரை அட்டாலியில் ஏற்றிவிட்டோம், சோறு வடிக்கிறோம்.