பக்கத்துச் சில்லு

"வெடிச்சுப் போச்சு" என்று சொல்லிக்கொண்டுதான் எல்லாரும் வருவார்கள். மே மாதம் விக்டோரியா தின நீண்ட வார இறுதியில் தொடங்கி ஒக்டோபர் தாங்ஸ்கிவிங் வரைக்கும், ரொறன்ரோவுக்கு வடக்கே நான் வேலை செய்கிற, விடுமுறைக்குத் தங்க இழுத்துப் போகிற ட்ரெய்லர்களைத் திருத்தும் கராஜில் கிழமைக்கு இரண்டு மூன்று பேராவது இப்படி வந்து நிற்பார்கள். 400 நெடுஞ்சாலையில் மஸ்கோக்கா பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது பின்னால் பெரிய சத்தம், கண்ணாடியில் பார்த்தால் கறுப்பாக ஏதோ பறக்கிறது, இறங்கிப் பார்த்தால் மட்காட் கிழிந்து தொங்குகிறது. சரி, அந்த ரயர் எங்கே என்று கேட்டால் முக்கால்வாசிப் பேரிடம் அது இருக்காது. ரோட்டோரத்தில் விட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் உதவிக்கு வந்தவர் எடுத்துப் போயிருப்பார். அவர்களுக்குப் புது ரயர் ஒன்று போட்டுத் தந்தால் போதும், பயணம் கெடக்கூடாது. எனக்கு அந்தப் பழைய ரயர்தான் வேண்டும். அது இல்லாமல் ஏன் போனது என்று சொல்ல முடியாது, ஏன் போனது என்று தெரியாமல் புதுசு போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

பதினொரு வருசமாக இந்த வேலை. அதற்கு முன்னர் கார் கராஜில் நின்றவன் என்றபடியால், கார் ரயரும் ட்ரெய்லர் ரயரும் வேறு வேறு சாதி என்று விளங்கவே எனக்கு இரண்டு கோடைகாலம் எடுத்தது. காரில் ரயர் ஓடி ஓடித் தேய்ந்து சாகும். ட்ரெய்லரில் அது தேய்வதற்கு முன்னமே செத்துவிடும். வருசத்தில் ஏழு மாதம் ஒரே இடத்தில், ஒரே பக்கத்தில் பாரத்தைச் சுமந்துகொண்டு வெயிலிலும் பனியிலும் நிற்கிறது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், காற்றுக்கூடப் பார்க்காமல், தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, சைக்கிள், விறகு, கதிரை எல்லாம் ஏற்றி, மணிக்கு 115 கிலோமீற்றரில் இழுத்துக்கொண்டு போகிறோம்.

வெடித்தது என்கிற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு நோய்கள் கிடக்கின்றன. முதலாவது, காற்று இறங்கியபடியே ஓடிச் சாவது. வால்வு கசியும், அல்லது சின்ன ஆணி ஏறியிருக்கும். காரென்றால் ஸ்டியரிங் காட்டிக்கொடுத்துவிடும், ட்ரெய்லரை இழுக்கிறவருக்கு ஒன்றுமே தெரியாது. பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து மடிந்து சூடேறி, உள்ளே இருக்கிற பொலியெஸ்டர் நூல் இளகி அறுந்துவிடும். இப்படிச் செத்த ரயரில் ட்ரெட், அதாவது ரோட்டில் படுகிற அந்தத் தடித்த பட்டை, பெரும்பாலும் ஒரு முழு வளையமாக மிஞ்சியிருக்கும். இரண்டு பக்கச்சுவரும் சுற்றிவரக் கழன்றிருக்கும். நூல் நுனியைத் தொட்டுப் பார்த்தால், நைலோன் கயிற்றை நெருப்பில் காட்டினால் நுனி கட்டியாகுமே, அப்படி இருக்கும்.

இரண்டாவதுதான் ட்ரெட் பிரிவது. ட்ரெட்டுக்குக் கீழே இரண்டு எஃகுக் கம்பிப் பட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கிடக்கும். அவற்றின் ஓரத்தில்தான் இழுபாடு அதிகம். அங்கே மயிரளவு விரிசல் தொடங்கி, மாதக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே பரவி, ஒருநாள் மேல் பட்டி ட்ரெட்டோடு சேர்ந்து உரிந்து போகும். அடியில் இருக்கிற கூடு பல தடவை உடையாமலே இருக்கும். ட்ரெட் முழுக்கப் போய், உள்ளே 60 பி.எஸ்.ஐ. காற்றோடு உருண்டுவந்த சில்லை நான் கழற்றியிருக்கிறேன். அதை வெடித்தது என்று எப்படிச் சொல்வது?

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்று எனக்குப் படிப்பித்தது ஒரு குடும்பம். நாலு வருசத்துக்கு முன்னர், விக்டோரியா தின வெள்ளிக்கிழமை. 7,000 இறாத்தல் ட்ரெய்லர், இரண்டு அச்சு, பழைய ஆள் கைமாற்றி விற்றது. இடப்பக்கம் பின்சில்லு போய்விட்டது. அன்றைக்கு முற்றத்தில் ஆறு ட்ரெய்லர்கள் காத்து நின்றன. புது ரயர் போட்டேன், கிழிந்த மட்காட்டை வெட்டி நேராக்கினேன், மற்ற மூன்று ரயருக்கும் காற்றுப் பார்த்தேன், அனுப்பிவிட்டேன். செத்த ரயரைக் குப்பைக் குவியலில் எறிந்தேன்.

மூன்று கிழமை கழித்து அதே ட்ரெய்லர் இழுவை வண்டியில் வந்தது. இந்தமுறை இடப்பக்கம் முன்சில்லு. ட்ரெட் உரிந்து சுழன்று, அடித்தட்டைப் பிளந்து, பிரேக் வயரை அறுத்து, சமையல் எரிவாயுக் குழாய்க்கு ஒரு சாண் தூரத்தில் நின்றிருந்தது. முன்னால் ட்ரக்கில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. அந்தப் பெண் கோபப்படவில்லை. "அன்றைக்கு மற்ற ரயர்களையும் பார்த்தீர்கள்தானே?" என்று மட்டும் கேட்டார். காற்று மட்டும்தான் பார்த்தேன் என்று சொன்னேன். அதைச் சொன்னபோது இருந்த நிலை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அன்றிரவு குவியலுக்குள் இறங்கி முதல் ரயரைத் தேடி எடுத்தேன். ட்ரெட் வளையம் முழுசாக இருந்தது, பக்கச்சுவர் நூல் உருகியிருந்தது. ட்ரெய்லரில் அந்தப் பின்சில்லின் ரிம்மில் வால்வைப் பிடித்து வளைத்துப் பார்த்தேன், அடியில் வெடிப்பு. சாதாரண ரப்பர் வால்வு, 65 பி.எஸ்.ஐ.க்கு மேல் தாங்காத வகை. பழைய சொந்தக்காரர் நல்லது செய்வதாக நினைத்து 80 பி.எஸ்.ஐ. ரயர் போட்டிருக்கிறார், ஒன்றுக்கு 2,830 இறாத்தல் தாங்கக்கூடியது, ஆனால் வால்வை மாற்றவில்லை. வால்வு கசிந்து, பின்சில்லு காற்றில்லாமல் எத்தனை கிலோமீற்றர் ஓடியதோ, அவ்வளவு நேரமும் அதன் பாரத்தில் பெரும்பங்கு பக்கத்துச் சில்லின் தலையில். அதற்குமேல் குசினி, குளிர்ப்பெட்டி, வெளியே தள்ளுகிற அறை எல்லாம் இடப்பக்கத்திலேயே. பிறகு தராசில் ஏற்றிப் பார்த்தோம், இடப்பக்கம் 400 இறாத்தல் கூட. அந்த முன்சில்லு அன்றைக்கே உள்ளுக்குள் காயப்பட்டுவிட்டது. நான் காற்றுப் பார்த்தபோது கேஜ் சரியாகத்தான் காட்டியது, ஏனென்றால் பிரிந்துகொண்டிருக்கிற ரயரும் காற்றைப் பிடித்து வைத்திருக்கும்.

அதற்குப் பிறகு, இரண்டு அச்சு ட்ரெய்லரில் ஒரு சில்லு போய் வந்தால், அதே பக்கத்து மற்றச் சில்லைக் கழற்றாமல் நான் அனுப்புவதில்லை. காற்றில்லாமல் ஓடியதென்றால் மாற்றியே விடச் சொல்வேன். எவ்வளவு நெரிசலான வெள்ளிக்கிழமையானாலும் சரி.

எப்படிப் பார்ப்பது என்பதை எனக்குக் காட்டித்தந்தவர் எங்கள் கராஜில் முன்னர் இருந்த ஓர் அண்ணை. கிளிநொச்சியில் லொறி திருத்தியவர். "தம்பி, ரயரைக் கண்ணால பாக்காதை, கையால பார்" என்பார். முதலில் ரயருக்கு முழுக்காற்று அடிக்கவேண்டும், குறைந்த காற்றில் குறை தெரியாது. சில்லு நிலத்தைவிட்டு எழும்பும்வரை ஜக்கை ஏற்றவேண்டும். ஒரு மரக்கட்டையை ட்ரெட்டுக்குக் கிட்ட, ஒரு நாணயம் போகிற இடைவெளியில் அசையாமல் வைத்துவிட்டு, சில்லைக் கையால் மெதுவாகச் சுற்றவேண்டும். நல்ல ரயரில் அந்த இடைவெளி அப்படியே இருக்கும். பிரியத் தொடங்கிய ரயரில் ஓரிடத்தில் இடைவெளி குறையும், கட்டையில் உரசும். சில ரயரில் மேலும் கீழும் அசைவே இருக்காது, ஆனால் ட்ரெட்டில் ஓடுகிற நேர்க்கோடு ஓரிடத்தில் பாம்பு மாதிரிப் பக்கத்துக்கு நெளிந்து திரும்பும். அதுவும் அதே நோய்தான், பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையை வைத்துத் தடவ வேண்டும். பாய்க்குக் கீழே புளியங்கொட்டை கிடந்தால் எப்படி உணர்வோமோ அவ்வளவு சின்ன மேடு. ட்ரெட்டில் ஓரிடம் மட்டும் மற்ற இடங்களை விடத் தேய்ந்திருந்தால், அந்த இடத்துக்குக் கீழேதான் பட்டி விட்டுக்கொண்டிருக்கும்.

ஒருமுறை அப்படிப்பட்ட ரயர் ஒன்றை வெட்டிப் பார்த்தேன். வெளியில் சின்ன மேடு, வேறு ஒன்றுமில்லை. உள்ளே உள்ளங்கை அகலத்துக்குப் பட்டிகள் விட்டிருந்தன. இரண்டு பட்டிகளுக்கும் நடுவில் இருந்த ரப்பர், கருங்கல்லில் தேய்த்தது மாதிரி வழவழவென்று பளபளத்தது. புதிதாகப் பிய்ந்த ரப்பர் சொரசொரப்பாக இருக்கும். வழுவழுப்பாக இருந்தால் அது கனகாலமாக உள்ளே உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. கம்பி நுனிகளில் செந்தூள் மாதிரித் துரு. அந்த ட்ரெய்லர்க்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, போன கோடை முழுக்க இதிலா ஓடினேன் என்று கேட்டார்.

ட்ரெய்லரில் இது ஏன் இவ்வளவு கூட வருகிறது என்றால், ஒரு காரணம் திருப்பம். இரண்டு அச்சுகளும் கிட்டக் கிட்ட, இரண்டுமே திரும்பாதவை. காம்ப் இடத்துக்குள் இறுக்கி வளைத்து ரிவர்ஸ் எடுக்கும்போது வெளியே நின்று பாருங்கள், முன்சில்லு ஒரு பக்கமும் பின்சில்லு மறுபக்கமும் முறுக்குப்பட்டு, பக்கச்சுவர் பிதுங்கிக்கொண்டு வரும். அந்த முறுக்கு முழுக்கப் போய்ச் சேருவது கம்பிப் பட்டிகளின் ஓரத்துக்கு. நிறுத்தி முடித்ததும் ஐந்தாறு அடி நேராக முன்னுக்கு எடுத்துவிட்டால் முறுக்கு அவிழும். ஒரு நிமிட வேலை, ஆனால் முழு வார இறுதியும் முறுக்கிய ரயரில் நிற்கிற ட்ரெய்லர்கள்தான் அதிகம்.

ஆட்கள் தங்களுக்குள் கதைக்கும்போது "சைனா பொம்ப்" என்பார்கள், சீனாவில் செய்த ரயர் எல்லாம் குண்டு என்று. இந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. மட்டமான ரயர்கள் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் எந்த நாட்டில் செய்த ரயரையும் அதன் எல்லையிலேயே ஓடவிட்டால் அது நிற்காது. 2017 செப்டெம்பருக்கு முன்னர், அமெரிக்காவில் இப்படியான ட்ரெய்லர்கள் செய்கிற கொம்பனிகளின் சங்கத்து (ஆர்.வி.ஐ.ஏ.) விதியில் மேலதிகத் தாங்குதிறன் என்று ஒன்று கட்டாயமில்லை. அச்சுக்கு எவ்வளவு பாரம் குறித்திருக்கிறதோ அவ்வளவையும் மட்டுமட்டாகத் தாங்குகிற ரயர் போட்டால் போதும். பிறகுதான் 10 சதவீதம் கூட இருக்கவேண்டும் என்று வந்தது. அதிலும் பல எஸ்.ரி. (ட்ரெய்லருக்கென்றே செய்கிற) ரயர்கள், வேறு வேகக் குறியீடு போடாவிட்டால், மணிக்கு 65 மைலுக்கு, அதாவது 105 கிலோமீற்றருக்குக் கணக்குப் போட்டவை. 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் ரயர்களைத் திருப்பி எடுத்தபோதுதான் ட்ரெட் பிரிவது என்றால் என்னவென்று இங்கே வீட்டுக்கு வீடு தெரியவந்தது. அதற்குப் பிறகு அமெரிக்காவில் கார் ரயருக்குக் கடுமையான புதுச் சோதனைகள் வந்தன. எஸ்.ரி. ரயரைப் பழைய விதியிலேயே விட்டுவிட்டார்கள். பிள்ளைகளை ஏற்றிய வண்டிக்குப் பின்னால் ஓடுகிற சில்லுக்கு ஏன் அந்தக் கவனம் இல்லை என்று எனக்கு இன்றைக்கும் மனம் பொறுக்காது.

இப்போது நம்மவர்களும் ட்ரெய்லர் வாங்கத் தொடங்கிவிட்டார்கள். கடந்த கோடையில் ஏஜக்ஸிலிருந்து ஓர் ஐயா, மனைவி, பேரப்பிள்ளைகளோடு வந்தார். கைமாறி வாங்கியது, பிரேக் பார்க்கத்தான் வந்தார். நான் ரயருக்கு அடியில் படுத்து உட்பக்கத்தில், செய்த காலத்தைச் சொல்கிற டொட் இலக்கத்தைத் தேடினேன், கடைசி நாலு எண் 1417. 2017ஆம் ஆண்டின் 14ஆம் கிழமை.

"ஐயா, எட்டு வயசு. மாத்தத்தான் வேணும்."

"என்ன தம்பி, புதுசு மாதிரி இருக்கு. ஒரு தேய்மானமும் இல்லையே?"

அவர் சொன்னது உண்மை, ட்ரெட் ஆழம் புதுசு மாதிரியே இருந்தது. நான் வாதாடவில்லை. ஜக்கை ஏற்றி, கட்டையை வைத்து, அவரையே சில்லைச் சுற்றச் சொன்னேன். மூன்று சில்லு ஒழுங்காகச் சுற்றியது. நாலாவது, வலப்பக்கம் பின்சில்லு, ஓரிடத்தில் கட்டையில் சர்ரென்று உரசியது. திரும்பச் சுற்றினார், திரும்ப அதே இடத்தில் உரசியது. கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். வைத்தார், கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. பிறகு மனைவியைக் கூப்பிட்டு அவரையும் தொட்டுப் பார்க்க வைத்தார்.

நாலும் மாற்றினோம், உலோக வால்வு போட்டோம். எஸ்.ரி. 225/75 ஆர் 15, 65 பி.எஸ்.ஐ.யில் 2,540 இறாத்தல் தாங்குவது. அவருடைய பாரத்துக்குத் தாராளம். காலையில் வெளிக்கிட முதல், வெயில் படாத நேரத்தில், ரயர் குளிராக இருக்கும்போது காற்றுப் பார்க்கவேண்டும், 10 பாகை செல்சியஸ் குளிர்ந்தாலே இரண்டரை பி.எஸ்.ஐ. போலக் குறையும் என்றும், ஓடி நிறுத்துகிற இடத்தில் எல்லாம் நாலு சில்லையும் கையால் தொட்டுப் பார்க்கவேண்டும், ஒன்று மட்டும் மற்றவற்றை விடச் சுட்டால் அதில் காற்றோ பேரிங்கோ பிரேக்கோ ஏதோ ஒன்று பிழை என்றும் சொல்லிவிட்டேன். தலையாட்டினார். எவ்வளவு செய்வாரோ என்று நினைத்தேன்.

அல்கொன்குயின் பூங்காவிலிருந்து ஒவ்வொரு நாளும் விடிய எனக்கு வட்ஸப்பில் நாலு சில்லுக்கும் நாலு படம் வந்தது. கேஜைப் பிடித்தபடி பேரனின் கை, 65, 65, 64, 65. நாலாவது நாள் ஐந்தாவது படமும் சேர்ந்து வந்தது. ட்ரெய்லருக்குப் பின்னால் உறைபோட்டு மாட்டியிருந்த ஸ்பெயர் சில்லு. நானும் பார்க்க மறந்துவிட்டேன். அதில் 38தான் இருந்தது.