சொல்லாமல் விட்டது: ஒரு குடிநோய் கவுன்சிலரின் நாட்குறிப்பு

8 ஜூன் 2024, சனி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இங்கே வரும் ஆட்களின் ஊர், தொழில், வயது எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதுகிறேன். "இது எங்க மாமா மாதிரியே இருக்கே" என்று தோன்றினால் தோன்றட்டும். குடிக்கிற மாமாக்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள்.

இன்று சூப்பர்விஷன்: கவுன்சிலர் தன் வேலையை ஒரு மூத்தவரிடம் கொண்டுபோய்ப் பேசிச் சரிபார்த்துக்கொள்வது. இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, காலை ஏழு மணிக்கு, ஜூமில் ஒரு மணி நேரம். மேடம் மதுரையில் இருக்கிறார். மனநலச் சமூகப் பணியில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். கட்டணம் என் கைக்காசு. இங்கிலாந்தில் கவுன்சிலர்கள் சங்கத்தின் அங்கீகாரம் வேண்டுமென்றால் மாதம் ஒன்றரை மணி நேரமாவது சூப்பர்விஷன் இருந்தாக வேண்டும். இங்கே கேட்பார் இல்லை. தமிழில் "மேற்பார்வை" என்று எழுதலாம்தான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டாலே குடை பிடித்துக்கொண்டு நிற்கும் மேஸ்திரிதான் கண்ணுக்குள் வருகிறார். சூப்பர்விஷன் என்றே இருக்கட்டும்.

போன வாரம் வார்டில் ஒருவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு பேச்சைப் பதிவு செய்தேன். அதில் பத்து நிமிடத்தை வரிக்கு வரி எழுதி அனுப்பியிருந்தேன். மேடம் ஒன்றும் சொல்லவில்லை. "நீயே எண்ணும்மா" என்றார். எண்ணினேன். நான் கேட்ட கேள்விகள் 14. அவர் சொன்னதை வாங்கித் திருப்பிச் சொன்னது 2. ஒரு கேள்விக்கு ஒன்றாவது அப்படி இருக்க வேண்டும், இரண்டு இருந்தால் நல்லது என்பது நாங்கள் பழகும் மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் என்ற பேச்சு முறையின் கணக்கு.

அவர் சொல்கிறார்: "எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். பொண்டாட்டிதான் கொண்டாந்து தள்ளிட்டா."
நான் கேட்கிறேன்: "அப்ப ஏன் கை நடுங்குது?"

படிக்கும்போது எனக்கே போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருந்தது. "வேற என்ன சொல்லியிருக்கலாம்?" என்றார் மேடம். கொஞ்சம் யோசித்து, "வீட்டுக்காரங்க திருப்திக்காக வந்து படுத்திருக்கீங்க" என்றேன். "சொல்லிட்டு?" என்றார். "சும்மா இருக்கணும்." அந்தச் சும்மா இருப்பதுதான் எனக்கு வராது.

ஏழு ஐம்பத்தெட்டுக்கு, "வேற ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டார். இருந்தது. "இல்ல மேடம், அவ்வளவுதான்" என்றேன்.

11 ஜூன், செவ்வாய்

ரிஜிஸ்டர் பார்க்க மேலே இருந்து ஆள் வந்தார். பதினைந்து படுக்கை, பதினைந்தும் நிரம்பியிருக்க வேண்டும். வருகைப் பதிவு, மருந்து இருப்பு, ஃபாலோ-அப் நோட்டு, எல்லாவற்றிலும் பச்சை மையில் டிக். ஒரு பக்கத்தில் என் கையெழுத்து விட்டுப்போயிருந்ததைக் கண்டுபிடித்துவிட்டார். அந்தப் பக்கத்து ஆள் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை.

எங்கள் பொறுப்பாளர் சாரும் இதைச் சூப்பர்விஷன் என்றுதான் சொல்கிறார். தப்பில்லை, அதுவும் ஒரு பகுதிதான். பிரிகிட் பிராக்டர் என்ற அம்மையார் 1980களில் இந்த வேலையை மூன்றாகப் பிரித்துச் சொன்னார்: தரம் பார்ப்பது, தொழில் கற்றுத்தருவது, ஆள் உடைந்துபோகாமல் தாங்கிப் பிடிப்பது. எங்கள் ஊரில் முதலாவதற்கு மட்டும் பச்சை மை இருக்கிறது.

14 ஜூன், வெள்ளி

எழுதிவிடுகிறேன். மேடத்திடம் சொல்லாமல் விட்டது இது.

மே கடைசியில் ஒரு அம்மா சென்டருக்கு வந்தார். கணவர் ஏப்ரலில் எங்களிடம் இருந்து டிஸ்சார்ஜ் ஆனவர், லோடு ஆட்டோ ஓட்டுகிறார். கையில் ஒரு மஞ்சள் பை, வாய்க்கு வெளியே முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது. "நம்ம வீட்டு மரம் மேடம்." முகமெல்லாம் சிரிப்பு. "ஒம்பது நாளா குடிக்கல."

அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். டாக்டர் எழுதிக் கொடுத்த டைசல்ஃபிராம் மாத்திரையை அவர் தொடமாட்டேன் என்றாராம். இவர் அதை அம்மியில் பொடித்து, தினமும் ராத்திரி ரசத்தில் கலந்துவிடுகிறார். அவருக்குத் தெரியாது.

அது குடிக்கத் தோன்றும் வெறியை (கிரேவிங்) தணிக்கிற மாத்திரை இல்லை. சாராயம் உள்ளே போனால் உடம்பு அதை முழுதாக உடைப்பதைப் பாதியில் நிறுத்திவிடும். முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு, பிரஷர் இறங்குவது என்று வரும். இதயம் பலவீனமானவர் என்றால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் விவரமெல்லாம் சொல்லி, சம்மதம் வாங்கி, ஆள் தெரிந்தே விழுங்க வேண்டிய மாத்திரை அது. இதை மாதம் ஒருமுறை ஃபேமிலி மீட்டிங்கில் நானே வாய் வலிக்கச் சொல்கிறேன்.

அந்த அம்மாவிடம் நான் சொன்னது: "பார்த்துக்கோங்க."

கேஸ் ஷீட்டில் எழுதியது: "மனைவி வந்தார். 9 நாள் குடிக்கவில்லை."

முருங்கைக்காய் மறுநாள் வார்டு சாம்பாரில் போனது. நானும் சாப்பிட்டேன்.

20 ஜூன், வியாழன்

கள்ளக்குறிச்சி. நேற்றிலிருந்து டிவியில் அதுதான். செத்தவர்களின் எண்ணிக்கை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் ஏறியிருக்கிறது. மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம். குடித்தவுடன் வழக்கமான போதை மாதிரிதான் இருக்கும். கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்ற மாற்ற, பல மணி நேரம் கழித்து வயிற்றுவலி, மூச்சுத்திணறல், கண் மங்கல். அதற்குள் பலர் தூங்கி எழுந்துவிடுவார்கள், "நேத்து அடிச்சது ஒத்துக்கல" என்று.

காலையிலிருந்து போன் ஓயவில்லை. "எங்க வீட்டுக்காரர் வாங்கினது டாஸ்மாக்குலதான், பயமில்லையே?" "என் பையனுக்குத் தலை வலிக்குது, கூட்டிட்டு வரவா?"

எங்கள் பியர் கவுன்சிலர் அண்ணன், அதாவது தானும் குடியிலிருந்து மீண்டு வந்து மற்றவர்களுக்குக் கைகொடுப்பவர், ஆறு வருடமாகக் குடிக்காதவர். பத்து மணி குரூப்பை அவர்தான் எடுக்க வேண்டும். வராந்தாவில் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். "நானும் பாக்கெட்டு குடிச்சவன்தாம்மா. அந்த வரிசையில நான் படுத்திருக்க வேண்டியது" என்றார். டம்ளரில் ஆடை படியும் வரை குடிக்கவே இல்லை. குரூப்பை நான் எடுத்தேன். அண்ணன் வந்து கடைசி வரிசையில் பேஷண்டுகளோடு உட்கார்ந்துகொண்டார். அவருக்கு யார் சூப்பர்விஷன் என்று இந்த ஆறு வருடத்தில் நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை.

மதியம் அந்த அம்மாவும் கூப்பிட்டார். "நல்லவேளை மேடம், நான் ரசத்துல கலந்ததால பொழைச்சோம். இல்லன்னா இவரும் எங்கயாவது..."

எனக்குப் பதில் வரவில்லை. ஆட்டோவில் ஏதோ ஊருக்கு லோடு எடுத்துப் போய், கூட இருப்பவன் ஊற்றிக் கொடுத்து, நடு ரோட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால்? பக்கத்து ஆஸ்பத்திரி டாக்டருக்கு அவர் என்ன மாத்திரையில் இருக்கிறார் என்று யார் சொல்வது? அவருக்கே தெரியாதே. ராத்திரி தூக்கம் இல்லை.

22 ஜூன், சனி

ஜூமில் "காலை வணக்கம்" சொன்ன கையோடு கொட்டிவிட்டேன். ரசம், முருங்கைக்காய், "பார்த்துக்கோங்க", கேஸ் ஷீட், எல்லாம்.

மேடம் சிறிது நேரம் பேசவில்லை. நெட் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"அந்த அம்மா சொன்னப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?"

"அப்பாடான்னு இருந்துச்சு மேடம்." சொன்ன பிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது. அந்த அம்மாவின் இடது கையில் ஏப்ரலில் கட்டு போட்டிருந்தது. அன்று கட்டு இல்லை, வளையல் இருந்தது. ஒன்பது நாள் அடி விழவில்லை. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

"சரி. அவ பக்கம் நின்னுட்ட. உன் பேஷண்ட் யாரு?"

திட்டவில்லை என்பதால் தப்பித்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் வேலை. இன்றைக்கே போன் செய்து கலப்பதை நிறுத்தச் சொல்ல வேண்டும். டாக்டருக்குச் சொல்ல வேண்டும். மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை அதன் வேலை உடம்பில் இருக்கும், ஆகவே ஆளுக்கு உண்மை தெரிந்தே ஆக வேண்டும். மனைவியின் பாதுகாப்புக்குத் தனியாக ஏற்பாடு: கணவர் கோபப்பட்டால் அன்று ராத்திரி அந்த அம்மா எங்கே படுப்பார்? இதை நான் யோசிக்கவே இல்லை. கேஸ் ஷீட்டில் இன்றைய தேதி போட்டு எழுத வேண்டும். "மே மாசப் பக்கத்துல இடம் இருக்கேன்னு நுழைக்காத" என்றார். நுழைக்கலாம் என்று நினைத்திருந்தேன்தான்.

"சார்கிட்ட நீங்க சொல்லிடுவீங்களா மேடம்?"

ஆரம்பத்தில் இருவரும் கையெழுத்துப் போட்ட தாளை நினைவுபடுத்தினார். இங்கே பேசுவது இங்கேயே இருக்கும், ஒருவர் உயிருக்கு ஆபத்து என்றால் தவிர. "திங்கக்கிழமைக்குள்ள நீயே சொல்லிடு. இல்லன்னா நான் சொல்ல வேண்டி வரும்."

எங்கள் சாரே எனக்குச் சூப்பர்வைசராக இருந்திருந்தால் இதை வாய் திறந்திருப்பேனா? மாட்டேன். இன்கிரிமென்ட் அவர் கையில் இருக்கிறது.

24 ஜூன், திங்கள்

சொன்னேன். சார் சத்தம் போட்டார், மெமோ வரும் என்றார். வரட்டும். டாக்டர் கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்துப் பக்குவமாகத்தான் சொன்னார். அந்த அம்மாவின் அண்ணனையும் வரச் சொல்லியிருந்தோம்.

கணவர் கத்தவில்லை. "தெனமும் ரசம் வெச்சப்பவே நான் சந்தேகப்பட்டிருக்கணும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. எழுந்து போய்விட்டார். அந்த அம்மா அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறார். போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

26 ஜூன், புதன்

போதை ஒழிப்பு தினம். பள்ளிப் பிள்ளைகளோடு ஊர்வலம். நாட்டில் 16 கோடிப் பேர் குடிப்பதாக 2019 தேசிய ஆய்வு சொன்னதை மைக்கில் படித்தார்கள். வெயில். இரண்டு பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள்.

4 ஜூலை, வியாழன்

சாயங்காலம் அந்தக் கணவரே கூப்பிட்டார். பின்னால் ஆட்டோ இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"பதினாலு நாள் என்னைக்கு மேடம் முடியுது?"

எதற்குக் கேட்கிறீர்கள், குடிக்கப் போகிறீர்களா, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று மூன்று கேள்வி வரிசையாக நாக்கு நுனிக்கு வந்தது. தேதியைத் தெளிவாகச் சொன்னேன், அது அவர் தெரிந்துகொள்ள வேண்டியது. கடைசியாகக் கலந்தது 21ஆம் தேதி, நாளையோடு பதினாலு. அதற்கப்புறமும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது என்றேன். பிறகு, "ஒவ்வொரு நாளா எண்ணிக்கிட்டே இருந்திருக்கீங்க" என்றேன்.

சும்மா இருந்தேன். இன்ஜின் நின்றது.

"ஆமா மேடம். எண்ணித்தான் பாத்தேன். மொத்தம் நாப்பத்திமூணு நாள் வருது. கல்யாணத்துக்கப்புறம் இவ்வளவு நாள் நான் குடிக்காம இருந்ததே இல்ல. ஆனா அது என் கணக்கா, அவ கணக்கான்னு தெரியல."

பதினோரு நிமிடம் பேசினார். பதிவு செய்யவில்லை, சம்மதம் கேட்கவில்லை. நினைவில் நின்றதைச் சனிக்கிழமைக்காக எழுதி வைத்திருக்கிறேன். அதில் என் கேள்விகள் மூன்று. மூன்றாவது தேவையே இல்லை.

எங்கள் பியர் கவுன்சிலர் அண்ணனுக்கும் மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா என்று மேடத்திடம் கேட்க வேண்டும். காசு எப்படி என்று அப்புறம் பார்க்கலாம்.