காட்டுயிர் நிதிக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்களா? முதலில் ஆடிட்டரைப் பாருங்கள்

காட்டுயிர்ப் பாதுகாப்பு வேலைக்கு மானியம் கேட்டிருந்தோம். முடிவு மெயில் வந்துவிட்டது, எங்கள் குழுவுக்குப் பணம் உறுதி. ரஃபர்ட், விட்லி போன்ற வெளிநாட்டுக் காட்டுயிர் நிதிகளின் அரிச்சுவடிக்குள் போகவில்லை. அடுத்த சுற்றுக்கு எழுத உட்காருகிறவர்கள் நீர்நாயையும் ஆவுளியா என்ற கடற்பசுவையும் கொஞ்ச நாள் ஒதுக்கிவைத்துவிட்டு, பணம் யார் கணக்கில் வந்து இறங்கும் என்பதை முடிவு செய்யுங்கள். நல்ல திட்டங்கள் இந்த இடத்தில்தான் படுத்துவிடுகின்றன.

வெளிநாட்டுப் பணம் என்றால் எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம். அதில் பதிவு வேண்டுமானால் அமைப்புக்கு மூன்று வயதாவது ஆகியிருக்க வேண்டும். கடந்த மூன்று நிதியாண்டுகளில் தன் நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாயாவது செலவழித்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொள்ளிடக்கரையில் இறங்கும் நம் ஊர்க் குழுக்களுக்கு இது எட்டாத தொகை. சரி, பதிவுள்ள பெரிய அமைப்பு வாங்கி நமக்கு மாற்றித் தரட்டுமே என்றால், 2020 திருத்தம் அந்தக் கதவையும் சாத்திவிட்டது. வாங்கியவர் இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது. "அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி" என்று யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

மிச்சமிருப்பது இரண்டு வழி. ஒன்று, பதிவுள்ள அமைப்பே திட்டத்தை நடத்துவது. சம்பளம் அவர்கள் பதிவேட்டில், பில் அவர்கள் பெயரில், நீங்கள் அவர்களுடைய திட்டப் பொறுப்பாளர். பணம் முதலில் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள அவர்கள் கணக்குக்குத்தான் வரும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இன்னொன்று, குறிப்பிட்ட கொடையாளர், குறிப்பிட்ட தொகைக்கு மட்டும் முன் அனுமதி. அதற்குக் கொடையாளரின் உறுதிக் கடிதம் வேண்டும், பொறுமையும் வேண்டும். தனி ஆளாக வாங்கலாமா என்பதை ஆடிட்டர் சொல்லட்டும், நண்பர்கள் வேண்டாம்.

இந்தத் தலைவலி வேண்டாமென்றால் உள்ளூர்ப் பணம். கம்பெனிகளின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) நிதிக்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி, கம்பெனி விவகார அமைச்சகத்தின் சிஎஸ்ஆர்-1 என்ற பதிவுகள் மூன்றும் இருந்தால் பேச்சைத் தொடங்கலாம். மாநில அரசின் பசுமை முதன்மையாளர் விருதுக்கு ஒரு லட்சம் ரூபாய். செய்து முடித்த வேலையைத்தான் பார்ப்பார்கள்.

அடுத்து வேலை அட்டவணை. காவிரி டெல்டாக்காரர்கள் கோட்டைவிடக் கூடாத இடம் இது.

நீர்நாய்க் கணக்கெடுப்பு என்றால் மணல்திட்டிலும் பாறையிலும் எச்சம், கால்தடம் தேட வேண்டும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறக்கிறது, ஜனவரி 28-ல் மூடுகிறது. தண்ணீர் வந்தால் திட்டே இருக்காது. ஆகவே களவேலை பிப்ரவரி முதல் மே வரை. 'ஜூலை – ஆகஸ்ட்: எச்சம் சேகரிப்பு' என்று எழுதிய அட்டவணையைக் காவிரி தெரிந்த மதிப்பீட்டாளர் பார்த்தால் அங்கேயே மூடிவைப்பார். முடிவு வரச் சில மாதம் ஆகும் என்பதால், பிப்ரவரியிலிருந்து பின்னோக்கி எண்ணி முந்தைய ஆடியிலேயே அனுப்பிவிடுங்கள்.

கோடியக்கரை வலசைப் பறவை என்றால் அக்டோபர் முதல் மார்ச். விசைப்படகுக்காரர்களிடம் ஆவுளியா, பங்குனி ஆமை பற்றிப் பேச வேண்டுமா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், ஆள் கரையில் இருப்பார். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை, அவர்களைத் தனியாகப் பிடிக்க வேண்டும்.

அனுமதி: கோடியக்கரை, வடுவூர், கரைவெட்டி எல்லாம் சரணாலயம். உள்ளே ஆய்வு செய்ய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 28. விலங்கைப் பிடித்து அளக்கவோ அடையாளமிடவோ பிரிவு 12. இரண்டும் சென்னைக்குப் போய்வர வேண்டிய கோப்பு. முதல் மானியத்தைச் சரணாலயத்துக்கு வெளியே, விலங்கைத் தொடாத வேலைக்குக் கேளுங்கள். கோழைத்தனமாகத் தெரியலாம், ஆனால் முடிக்க முடியும்.

எங்கே எதைக் கேட்பது:

ரஃபர்ட்: சிறுமானியம் இரண்டு, பூஸ்டர் இரண்டு, நிறைவு மானியம் என ஐந்து படி. மாநாடு, பயணக்குழு, பாதுகாப்புக்கு உதவாத வெறும் ஆராய்ச்சி வேண்டாம் என்று அவர்களே சொல்கிறார்கள். பெரும்பங்கு களத்துக்கு. பரிந்துரையாளர் மூவர்; பெரிய பெயரை விட, மெயிலைத் திறந்து பதில் போடுகிறவர் முக்கியம்.

முகமது பின் சயீத் நிதி: ஓர் இனம், அதிகபட்சம் 25,000 டாலர். அழிவின் விளிம்பில் இருக்கும் லீத் மெல்லோட்டு ஆமைக்குக் கேட்கலாம். வெளிமான் நமக்கு உயிர்தான், ஆனால் அழிவு அபாயத்தைச் சொல்லும் உலகப் பட்டியலில் அது கவலை குறைந்த வகையில் இருக்கிறது, அங்கே எடுபடாது.

ஃபியூச்சர் ஃபார் நேச்சர்: 50,000 யூரோ, 35 வயது வரம்பு. சுறா ஆய்வாளர் திவ்யா கர்நாட் 2019-ல் வாங்கினார்.

விட்லி: இதை முதல் விண்ணப்பமாக எழுதவே எழுதாதீர்கள். வால்பாறையில் யானை வருவதை முன்கூட்டி எச்சரிக்கும் ஏற்பாட்டுக்காக 2015-ல் ஆய்வாளர் ஆனந்தகுமார் வாங்கும்போது குறுஞ்செய்தியும் சிவப்பு விளக்கும் ஏற்கெனவே ஊரில் ஓடிக்கொண்டிருந்தன.

பட்ஜெட்டில் 'போக்குவரத்து – மொத்தம்' என்று ஒரே வரியில் போடாதீர்கள். படகு நாள் வாடகை ₹1,200 × 24 நாள் = ₹28,800 என்று உடைத்து எழுதுங்கள். நாணய மாற்று விகிதத்தை எந்தத் தேதியில் எடுத்தீர்கள் என்பதும் பக்கத்தில் இருக்கட்டும். படகுக்காரர் பில் தரமாட்டார். வவுச்சரில் பெயர், தேதி, எங்கிருந்து எங்கே, தொகை, கையெழுத்து. ₹5,000-க்கு மேல் போனால் ரெவின்யூ ஸ்டாம்ப். எழுதும் வேலையைப் படகு கரை சேர்ந்ததுமே முடித்துவிடுங்கள், மார்ச் கடைசியில் அவரைத் தேடினால் ஆழ்கடலில் இருப்பார்.