ஈஸி அவுட் ஒடிந்த நாள்

உடைந்த போல்ட்டின் முகத்தைப் பார்த்தாலே அது எப்படி உடைந்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். வடுவூருக்குத் தெற்கே ஒரு வயலில், கதிர் அறுக்கும் இயந்திரத்தின் பல்சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். முகத்தில் முக்கால் பங்கு வழவழப்பு. ஆற்று மணலில் தண்ணீர் வடிந்த வரிகளைப் போல ஒன்றையொன்று ஒட்டிய கோடுகள். மீதிக் கால் பங்கு கற்கண்டை உடைத்தது போலச் சொரசொரப்பு. பல நாளாக உள்ளே விரிசல் ஓடியிருக்கிறது. தாங்கி நின்ற கடைசிக் கால் பங்கும் அன்று காலை கைவிட்டுவிட்டது.

2023 பிப்ரவரி முதல் வாரம். சம்பா அறுவடை நேரத்தில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகி, டெல்டா முழுக்க மழை கொட்டிவிட்டுப் போயிருந்தது. பயிர் சாய்ந்து கிடந்தது. டயர் வண்டி இறங்கினால் அச்சு வரை புதையும் என்பதால் எல்லோரும் செயின் வண்டிக்கு அலைந்தார்கள். (ரப்பர் பட்டையில் ஓடினாலும் எங்கள் பக்கத்தில் அதற்குச் செயின் வண்டி என்றுதான் பெயர்.) ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த வண்டி அன்றைக்குப் பார்த்து வரப்போரம் படுத்துக்கொண்டது. ஒரு நாள் தள்ளினாலும் சாய்ந்த கதிர் முளைக்கத் தொடங்கும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் பேச்சே வேறு. நிலத்துக்காரர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, சாயங்காலத்துக்குள் ஓடுமா?"

ஓடும் என்று சொல்லிவிட்டேன்.

மற்ற ஏழு போல்ட்களும் ஸ்பேனருக்கு நான்கடிக் குழாய் மாட்டி முறுக்கிய பிறகுதான் முனகிக்கொண்டே கழன்றன. அப்போதே யோசித்திருக்க வேண்டும். துருப்பிடித்த போல்ட் ஒரு முறை கிரீச்சென்று விட்டுக்கொடுத்தால் பிறகு இலகுவாக வரும். இவை கடைசிச் சுற்று வரை ஒரே பிடியாக வந்தன. சேற்றிலேயே ஓடும் வண்டி, துருவாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டி, உடைந்து உள்ளே நின்ற 12 மி.மீ. போல்ட்டின் மேல் துரு எண்ணெயை அடித்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கேஸ் டார்ச் கையில் இருந்தது. ஆனால் போல்ட்டிலிருந்து இரண்டு விரற்கடைத் தூரத்தில் ஆயில் சீல், அதாவது எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம். சுற்றிலும் வண்டியின் இண்டு இடுக்கெல்லாம் வைக்கோல் தூசு. பற்ற வைக்க மனம் வரவில்லை.

நடுவில் பஞ்ச் அடித்துத் துளையிட்டு, ஈஸி அவுட்டை இறக்கித் திருப்பினேன். இடதுபுறமாகச் சுற்றிய மரையோடு கூம்பாக இருக்கும் கருவி அது. உடைந்த போல்ட்டைக் கவ்வித் திருப்பி வெளியே கொண்டுவர வேண்டும். பெயரில் மட்டும்தான் ஈஸி. 'டிக்' என்று ஒரு சத்தம். கையில் இருந்த கனம் சட்டென்று காணாமல் போனது. ஈஸி அவுட்டின் முனை ஒடிந்து துளைக்குள் தங்கிவிட்டது. கடினப்படுத்திய எஃகு அது; சாதாரண டிரில் பிட் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகும். நான் எந்த வைக்கோலுக்குப் பயந்து டார்ச்சைத் தொடாமல் இருந்தேனோ, அதே வைக்கோல் மேல் உட்கார்ந்து டிரைவர் பீடி பற்ற வைத்தார்.

பிறகுதான் கழற்றிய போல்ட்களை ஒழுங்காகப் பார்த்தேன். மரை இடுக்கில் சிவப்பு. துரு என்றால் விரலில் கறையாக ஒட்டும். இதை நகத்தால் சுரண்டினால் பொருக்காக உதிர்ந்தது. போல்ட் தானாகக் கழலாமல் மரையில் விடும் சிவப்பு லாக் பசையை யாரோ தாராளமாக ஊற்றியிருக்கிறார்கள். 1950களில் அமெரிக்காவில் வெர்னன் கிரீபிள் என்ற வேதியியல் பேராசிரியர் உருவாக்கிய சரக்கு. காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும் வரை திரவமாகவே இருக்கும். மரைகளுக்கு நடுவே காற்றில்லாமல், உலோகத்தைத் தொட்டபடி கிடந்தால் இறுகும். முழு பலம் வர 24 மணி நேரம். பாட்டிலை முழுக்க நிரப்பாமல் விற்பது உள்ளே காற்று வேண்டும் என்பதற்காகத்தான். விவரம் தெரியாத புது ஆட்கள் பாதிதான் இருக்கிறது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவார்கள். நீலப் பசை ஸ்பேனருக்குக் கட்டுப்படும். சிவப்பு அப்படியில்லை, 250 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு கேட்கும். துரு எண்ணெய் அதை ஒன்றும் செய்யாது.

கும்பகோணத்தில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரிக்குப் போன் செய்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "சூட்டை போல்ட்டுக்குக் கொடுக்கப் போகிறாயா, அது குடியிருக்கும் வீட்டுக்கா?" என்று மட்டும் கேட்டார். அது போதும். போல்ட்டுக்கு மட்டும் சூடு கொடுக்க வெல்டிங்தான் வழி.

பக்கத்து ஊரிலிருந்து ஜெனரேட்டரோடு வெல்டிங் செட் டிராக்டரில் வந்து சேர மூன்று மணி ஆகிவிட்டது. பேட்டரி இணைப்பைக் கழற்றி, வைக்கோலைக் கூட்டித் தள்ளி, சீல் இருக்கும் பக்கம் ஈரச் சாக்கைச் சுற்றினோம். போல்ட் வாய் மட்டத்துக்கு அரை நூல் (ஒன்றரை மி.மீ. வாக்கில்) கீழே இருந்தது. ஒடிந்த முனையைச் சுற்றி மிஞ்சியிருந்த போல்ட் விளிம்பின் மேல் ஒரு வாஷரை வைத்து வெல்டு செய்து, அதன் மேல் நட்டை வைத்து உள்ளே நிரப்பினேன். சீலுக்குப் பக்கத்தில் அரத்தால் ராவிப் பளபளப்பாக்கி ஓர் அடையாளம் வைத்திருந்தேன். சூடு 230 டிகிரி வாக்கில் போனால் அங்கே வைக்கோல் நிறம் ஏறும். அதற்கு வெகு முன்னாலேயே சீல் கருகிவிடும் என்றாலும், கண்ணுக்கு ஒரு கணக்கு வேண்டுமே. நிறம் மாறவே இல்லை. நட்டு சிவந்து கறுத்தது. சூடு போல்ட்டின் உடல் வழியாக இறங்கியது. மரை வாயிலிருந்து மெல்லிய புகை, கண்ணை எரிக்கும் நெடியோடு. பசை இளகுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். ஆறினால் மறுபடி பிடித்துக்கொள்ளும். சூட்டோடு சூடாகத் திருப்ப வேண்டும்.

முதல் நட்டு வெல்டு விட்டுக் கையோடு வந்தது. இரண்டாவது நட்டில் போல்ட் அசைந்தது. புளிக்கரைசலில் மத்தைச் சுற்றுவது போன்ற இழுவை. பதினொரு சுற்று. எண்ணிக்கொண்டேதான் திருப்பினேன்.

பல்சக்கரத்தின் உட்காரும் முகத்தில் செம்பழுப்பாக மாவு படிந்திருந்தது. இரண்டு உலோகங்கள் மயிரிழை அளவுக்கு அசைந்து உரசினால் வரும் மாவு. போல்ட்களைப் போதிய அளவு இறுக்காமல், பசைதான் இருக்கிறதே என்று விட்டிருக்கிறார்கள். பசை போல்ட்டைத் திரும்பாமல் பிடித்தது. சக்கரத்தை அமுக்கிப் பிடிப்பது அதன் வேலை இல்லை. மரை கழன்றவன் என்று ஆளைத் திட்டுகிறோம். இங்கே மரை கழலவே இல்லை, அதனால்தான் தளர்வு யார் கண்ணிலும் படவில்லை.

துளையின் மரையை, மரை வெட்டும் டேப் விட்டுச் சுத்தம் செய்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, எட்டுப் போல்ட்களையும் புதிதாகவே மாற்றினேன். நீலப் பசை ஆளுக்கு ஒரு சொட்டு. பிறகு இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச். "அண்ணே, அந்தச் சிவப்பையே இன்னும் நாலு சொட்டு சேர்த்துப் போடுங்கள்" என்றார் டிரைவர். காதில் விழாதது போல இருந்துவிட்டேன்.

வண்டி கிளம்பும்போது விளக்குப் போட வேண்டியிருந்தது. சீலில் கசிவு இல்லை. நிலத்துக்காரர் சாயங்காலம் என்ற பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பில் எழுதும்போது, ஒடிந்த ஈஸி அவுட்டின் விலையையும் சேர்க்கட்டுமா என்று பட்டறைப் பையன் கேட்டான்.

வேண்டாம் என்றேன். அது என் கணக்கு.