ஜோஷ்வா ட்ரீ பாறைகளுக்கு நடுவே

கலிஃபோர்னியாவின் ஜோஷ்வா ட்ரீ தேசியப் பூங்காவில் நேற்று முழுக்கக் குட்டிக் குட்டி நடைகள்தான். வெயில் ஏறுமுன் ஹிடன் வேலி, சுமார் 1.6 கி.மீ. அப்புறம் ஸ்கல் ராக். மழைநீர் தேங்கித் தேங்கி அரித்ததில் பாறையில் இரண்டு கண்குழிகள். படமெடுக்க அங்கே ஒரே கூட்டம்!

எனக்கென்னவோ பக்கத்திலிருந்த பெயரில்லாப் பாறைகள்தான் பிடித்தன. 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் பூமிக்கடியில் பாறைக்குழம்பு இறுகிய கிரானைட் அது. விரிசல்களில் நிலத்தடி நீர் புகுந்து மூலைகளை மழுக்க, பிறகு வெள்ளம் மண்ணை அடித்துப்போக, இப்போது அடுக்கிவைத்த கொழுக்கட்டைகள் மாதிரி நிற்கின்றன.

மாடு வளர்த்தவர்கள் 1900 வாக்கில் கட்டிய பார்க்கர் அணையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பூங்காவின் பெரும்பகுதியில் குடிநீரும் கிடைக்காது. போகிறவர்கள் காரில் கேன் கேனாக ஏற்றிக்கொள்ளுங்கள்.