ஊசி பசியைத்தான் குறைக்கும், தட்டை நாமதான் மாத்தணும்

ஒருத்தங்க வெயிட் குறைய ஊசி போட்டுக்கறாங்கன்னு தெரிஞ்சா போதும், நம்ம ஆளுங்க உடனே "வாயைக் கட்டத் தெரியாதவங்கதான் இதெல்லாம் போட்டுக்குவாங்க"ன்னு ஆரம்பிச்சிடுறாங்க. இதைக் கேட்டா எனக்கு அப்படியே கோவம் பொத்துக்கிட்டு வரும். என் அக்கா வருஷக்கணக்கா வாயைக் கட்டினதைப் பக்கத்துல இருந்து பார்த்தவ நான். வெந்தயத் தண்ணி, கொள்ளுக் கஞ்சி, ராத்திரிக்கு ரெண்டே சப்பாத்தி, காலைல வாக்கிங்னு எதையும் விட்டு வைக்கல, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறையும், அப்புறம் போனதெல்லாம் வட்டியோட திரும்பி வந்துடும். இதுல சுகரும் வந்து, முழங்கால் வலியும் சேர்ந்துக்கிச்சு.

டாக்டர் சொன்ன ஒரு விஷயம் எங்க ரெண்டு பேருக்குமே பெரிய ஆறுதலா இருந்துச்சு. வெயிட் குறைய ஆரம்பிச்சா உடம்பு அதை ஆபத்துன்னு எடுத்துக்குமாம், பசி ஹார்மோனைக் கூட்டி, எரிக்கிற கலோரியையும் குறைச்சு, பழைய வெயிட்டுக்கே இழுக்கப் பார்க்குமாம். அதாவது இது மன உறுதி இல்லாததால வர்ற பிரச்சனை இல்ல, நாள்பட்ட நோய், அதுக்கு மருந்து எடுக்கறதுல வெக்கப்பட என்ன இருக்கு?

சாப்பிட்டதும் நம்ம குடல் ஜிஎல்பி-1னு ஒரு ஹார்மோனை விடும், இன்சுலினைத் தூண்டிவிட்டு, மூளைக்கு "போதும்"னு சொல்றது அதுதான், ஆனா ரெண்டு மூணு நிமிஷத்துலயே கரைஞ்சு போயிடும். வீகோவிங்கற ஊசில இருக்கற செமாக்ளூடைடு அதே வேலையை ஒரு வாரம் வரைக்கும் தாங்கற மாதிரி செஞ்ச மருந்து, மவுன்ஜாரோங்கற இன்னொரு ஊசில இருக்கற டிர்செபடைடு இன்னொரு குடல் ஹார்மோன் வேலையையும் சேர்த்து செய்யுது. 2021ல வந்த ஒரு பெரிய ஆராய்ச்சில செமாக்ளூடைடு எடுத்தவங்களுக்கு 68 வாரத்துல சராசரியா 15 சதவீதம் வெயிட் குறைஞ்சிருக்கு, ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத ஊசி போட்டவங்களுக்கு 2.4 சதவீதம்தான், இத்தனைக்கும் ரெண்டு குரூப்புக்குமே டயட், எக்சர்சைஸ் ஆலோசனை உண்டு.

அக்கா எடுக்கறது மவுன்ஜாரோ. வாரத்துக்கு ஒண்ணு, ஞாயித்துக்கிழமை காலைல. ஃப்ரிட்ஜ்ல மாவு டப்பாவுக்குப் பக்கத்துல இருந்து எடுத்து, தொப்புளை விட்டுத் தள்ளி வயித்துத் தோலுக்கு அடியில போட்டுக்கறா. 2.5 மி.கி.ல ஆரம்பிச்சு, நாலு வாரம் கழிச்சு 5 மி.கி. டோஸ் ஏத்தின புதுசுல குமட்டல் பாடாப் படுத்திடுச்சு, எண்ணெய் காயற வாசனை வந்தாலே எந்திரிச்சுப் போயிடுவா, மலச்சிக்கல் வேற. ஆனா அவ சொன்ன ஒரு வார்த்தை மறக்கவே மறக்காது: "எந்நேரமும் மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்த சாப்பாட்டு நெனப்பு நின்னுடுச்சுடி, இப்பதான் நிம்மதியா இருக்கு."

சரி, பசி போயிடுச்சு, அதுக்கப்புறம்தான் இந்தப் பதிவை எழுத வெச்ச விஷயமே வருது. பசி இல்லைன்னா நாம என்ன பண்ணுவோம்? காலைல ஒரு காபி, ஒரு இட்லி, மதியம் ரெண்டு வாய் ரசம் சோறு, ராத்திரி ஒண்ணும் வேணாம். அக்காவும் அப்படித்தான் இருந்தா, வெயிட் நல்லா குறைஞ்சுது, கூடவே முடியும் கொட்டுச்சு, மாடிப்படி ஏறினா கால் நடுங்குச்சு. குறையற வெயிட்ல கொழுப்பு மட்டும் போறதில்ல, தசையும் சேர்ந்தேதான் போகுது, கால்வாசி, சிலருக்கு அதுக்கும் மேல. சுகர் இருக்கறவங்களுக்கு தசை ரொம்ப முக்கியம், ரத்தத்துல இருக்கற சர்க்கரையைப் பெரும்பாலும் உள்ள இழுக்கறதே அதுதான்.

டயட்டீஷியன் பெருசா எதையும் நிறுத்தச் சொல்லல, வரிசையை மாத்தினாங்க. முதல்ல ஒரு கிண்ணம் சுண்டலோ, ரெண்டு அவிச்ச முட்டையோ, மீனோ, அப்புறம் காய், கடைசியா வயித்துல இடம் இருந்தா சோறு. தசைக்கு வேண்டியது புரதம், ஒரு முட்டைல 6 கிராம் இருக்கு, ரசம் சோத்துல இதை எப்படி எட்டுவீங்க? நம்ம வீட்ல எப்பவுமே சோறு மலையா இருக்கும், பொரியல் ஓரமா தொட்டுக்கற அளவுக்கு இருக்கும், அந்தத் தட்டு இப்ப தலைகீழா மாறிடுச்சு. எக்சர்சைஸும் வாக்கிங்கோட நிக்கல, நாற்காலில உக்காந்து கையை ஊன்றாம எந்திரிக்கறது, தண்ணி பாட்டிலைத் தூக்கறது, ரப்பர் பேண்டை இழுக்கறதுன்னு தசைக்கு வேலை குடுக்கற மாதிரி பண்றா.

இவ்வளவும் ஏன்னா, ஊசியை நிறுத்தினா பசி திரும்பிடும். ஆராய்ச்சில நிறுத்தினவங்களுக்கு ஒரு வருஷத்துல, குறைஞ்சதுல மூணுல ரெண்டு பங்கு ஏறிடுச்சு. அதனால பிபி மாத்திரை மாதிரி ரொம்ப நாளைக்கு எடுக்க வேண்டி வரலாம்னு டாக்டர் முதல்லயே சொல்லிட்டாங்க. செலவும் சின்னதில்ல, 2025 மார்ச்ல மவுன்ஜாரோ இந்தியாவுக்கு வந்தப்ப 2.5 மி.கி. குப்பி ஒண்ணு 3,500 ரூபாய், 5 மி.கி. 4,375 ரூபாய், மாசத்துக்கு நாலு வேணும். 2026 மார்ச்ல செமாக்ளூடைடு பேட்டன்ட் முடிஞ்சதால நம்ம ஊர் கம்பெனிகளும் அதைச் செய்ய வழி வந்துச்சு, விலை குறையறது நல்லதுதான். ஆனா டாக்டர் சீட்டே இல்லாம இன்ஸ்டாகிராம்லயும் தெரிஞ்சவங்க மூலமாவும் வாங்கிப் போட்டுக்கறாங்களே, அதான் எனக்கு பயமா இருக்கு.

தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க. கல்யாணத்துக்கு முன்னாடி நாலு கிலோ குறைக்கறதுக்கான மருந்தே இல்ல இது, பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏத்த வெயிட் கணக்கு, 30 இல்ல அதுக்கு மேல இருக்கறவங்களுக்கு, இல்லைன்னா 27 இல்ல அதுக்கு மேல இருந்து கூடவே சுகர், பிபி மாதிரி ஏதாவது இருக்கறவங்களுக்கு. மெடுல்லரி தைராய்டு கேன்சர் உங்களுக்கோ குடும்பத்துலயோ இருந்தா போடவே கூடாது, கணையத்துல முன்னாடி அழற்சி வந்திருந்தா டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லணும், குழந்தைக்கு ட்ரை பண்றவங்க முன்கூட்டியே நிறுத்தணும். இன்சுலின் போடறவங்களுக்கு அந்த அளவைக் குறைக்க வேண்டி வரும், இல்லன்னா சுகர் தடால்னு இறங்கிடும்.

உங்க வீட்ல யாராவது இதை எடுத்தா, விசேஷத்துல "இன்னும் ஒரு கரண்டி, எனக்காக"ன்னு இலையில வைக்காதீங்க. வயிறு மெதுவாத்தான் காலியாகுது, மீறிச் சாப்பிட்டா வாந்திதான். அத்தை ஒருத்தங்க மனசு நோகக் கூடாதுன்னு ஒரு தடவை சாப்பிட்டுட்டு அக்கா ராத்திரி முழுக்க தூங்கல. இப்ப அதே அத்தை அவளுக்குன்னு முதல்ல மீன் வறுவலை மட்டும் தனியா எடுத்து வெச்சுட்டு, "சோறு வேணுமா வேணாமா, நீயே சொல்லும்மா"ன்னு கேக்கறாங்க.